நீங்கள் தந்த தலைப்பில் நான் பேசவில்லை, அப்பா

என் பிரியமான, என்னைச் சபை நடுவே மாட்டிவிட்டுப் போன அப்பாவுக்கு,

சுகநலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். இருந்தபோது கோபிக்க நீங்கள் இடம் தரவில்லையே. நான் வேறு எப்போது கோபிக்கிறது?

பரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் உங்கள் படத்தை ஒட்டியிருந்தார்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில், மரக்கறிக் கடைக்குப் பக்கத்துச் சுவரில், பழைய கண்ணீர் அஞ்சலிகளுக்கு மேலே. கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்திருக்கிறார்கள். இரண்டு காதும் தெரிய, பிடிபட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குக் கீழே என் பெயர். 'நினைவுப் பேருரை: யூதர் வென்ற வழியும் நாமும். நிகழ்த்துபவர், எபிரேய மொழிப் பட்டதாரி செல்வி துளசி.' அம்மாவோடு முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில்தான் என் பேருரையைப் பற்றி எனக்கே தெரிய வந்தது.

அந்த இடத்திலேயே நின்று தவம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், எந்தச் சாவீட்டிலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குகிறவர். ஆரைக் கேட்டு என்ரை பெயரைப் போட்டனீங்கள் என்று கேட்டேன். மனுசன் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"என்ன பிள்ளை, உனக்குத் தெரியாதே? கொப்பர்தானே சொன்னவர். தலைப்பும் அவர் தந்ததுதான். மகள் படிப்பை முடிச்ச உடனை வந்து எங்கடை சனத்துக்கு விளங்கப்படுத்துவாள் எண்டு போன தீபாவளிக்கே வாக்குத் தந்தவர். நாங்கள் மண்டபமும் எடுத்திட்டம்."

போன தீபாவளிக்கு நீங்களும் நானும் முகம் பார்த்துக் கதைத்து மாதக்கணக்காகியிருந்தது. சோறு போதும் என்பதைக் கூட அம்மா வழியாகத்தான் எனக்குச் சொல்வீர்கள். அப்படி இருந்துகொண்டே வெளியில் போய் என் வாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு என்ன பெயர் அப்பா?

இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் ஊரில் யுத்தம் தோல்வியில் முடிந்த பிறகு, பரிஸ் புறநகரான ஆர்ஜொந்தெயில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பரிஸ் தெருவில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தீர்கள். தொண்டை சுகமான பிறகும் நீங்கள் பேசவில்லை. வேலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், சுவரைப் பார்த்துப் படுத்தீர்கள். நான் அப்போது லிசேயில், உயர்பள்ளியில், கடைசி வருடம். மருந்தாளர் படிப்புக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

ஒருநாள் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு இலையாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்து ஆய்கிற ஆள் எங்கள் ஊர்ச் சனத்தில் நீங்கள் ஒருவர்தான். அது வேலையிடத்துப் பழக்கம். பரிஸின் பத்தொன்பதாம் வட்டாரத்தில், யூதர்களுடைய சமய முறைப்படி சமைக்கிற உணவகம் ஒன்றில் நீங்கள் சமையல்காரர். ஒரு சின்னப் பூச்சி இலையோடு உள்ளே போனாலும் அங்கே அந்தச் சாப்பாட்டை ஒருவரும் தொட மாட்டார்கள். நீங்கள் கீரை ஆய்கிற நேரத்தில் நான் ஒரு கல்யாண வீட்டுக்கே சமைத்து முடிப்பேன் என்று அம்மா முணுமுணுப்பார்.

"பிள்ளை, நீ ஹீப்ரு படி" என்றீர்கள். பல நாளைக்குப் பிறகு நீங்கள் பேசிய முதல் முழு வசனம் அது.

"ஏனப்பா?"

"அவங்கள் எத்தினை தலைமுறையாய் நாடு நாடாய் அலைஞ்சவங்கள். செத்துப்போன பாஷையை எழுப்பினவங்கள். நாட்டையும் எடுத்தவங்கள். எப்பிடிச் செய்தவங்கள் எண்டு உள்ளுக்குப் போய்ப் படிச்சுக்கொண்டு வா. எங்களுக்கு அது தெரியாததாலைதான் இந்தக் கெதி."

"அப்ப மருந்துப் படிப்பு?"

"மருந்து விக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்."

பெற்ற பிள்ளை மருந்தாளராகப் போவதை மறித்த தமிழ்த் தகப்பன் பரிஸ் முழுவதும் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. உங்களைத் திரும்பக் கதைக்க வைக்கிற எதையும் அன்றைக்கு நான் செய்திருப்பேன். சீன மொழி படி என்றிருந்தாலும் போயிருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. ஏன் எபிரேயம் படிக்க வந்தீர்கள் என்று பேராசிரியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி வேதாகமத்துக்காக என்றாள். ஒருவன் தன் காதலிக்காக என்றான். இன்னொருத்தி, எங்கள் வீட்டில் தொலைந்துபோன மொழி என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். நாடு எடுப்பது எப்படி என்று படித்துக்கொண்டு வரச் சொல்லி அப்பா அனுப்பினார் என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "உங்கள் அப்பா ஏமாறப் போகிறார், மட்மொய்செல்" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அன்றைக்கு நான் உங்கள் பக்கம் அப்பா. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் படிப்புப் பிடித்துப்போனது. வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்துப் பிடித்தது. அவர்களுடைய பழைய சட்ட நூலில், ஒரு பக்கத்தின் நடுவே மூல வரிகள் இருக்கும். நாலு பக்கமும் சின்ன எழுத்தில் அதைப் பற்றிய சண்டை ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் மறுப்பார். கடைசியில் எடுபடாமல் போன கருத்தையும் சொன்னவருடைய பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். முதல்முறை அதை வாசித்துவிட்டு நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் ஆட்களிடத்தில் மாற்றிப் பேசினவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு, துரோகி. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அதைவிட எனக்குப் பிடித்தது, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் இருந்த எபிரேயப் புலவர்கள் பாடிய மதுப் பாடல்கள். தோட்டம், கிண்ணம், விடியல், பிரிந்துபோன காதலி. மாஸ்டர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராயப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, இதாலை எங்கடை சனத்துக்கு என்ன பிரயோசனம் என்றீர்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கு வழிகாட்ட இருந்தவரும் அதைத்தான் நல்ல பிரெஞ்சில் சொன்னார். நீங்கள் தமிழர், தமிழ் அகதிகளையும் யூதர்களையும் ஒப்பிட்டு எழுதினால் பொருத்தமாக இருக்குமே என்றார். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பெடியனிடம் அவர் எதையும் ஒப்பிடச் சொல்லவில்லை. அவன் விருப்பப்பட்டதைப் படிக்கலாம், எனக்கு மட்டும் ஒரு காரணம் வேண்டும். உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது அப்பா. பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, இண்டைக்கு என்ன படிச்சனீ என்பீர்கள். நான் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பல் தேநீர்க்கடைக்குக் கொண்டுபோவீர்கள். அந்த மேசையில் தவம் அண்ணை இருப்பார். பரமு ஐயா இருப்பார். கடைசி யுத்தத்தில் காணாமல்போன மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்காத மனுசன், ஆறிப்போன தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நீங்கள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருப்பார். உணவகத்தில் வெங்காயம் உரிக்கிற ஆளுக்கு அந்த மேசையில் ஒரு பெரிய மனுசனுடைய இடம் கிடைத்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

போன வருடம் கோடையில் என்னையும் அந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மகளே வாயால் சொல்லட்டும் என்றீர்கள். நான் படித்ததைச் சொன்னேன். யூதர் என்று ஒரே மனமுள்ள ஒரு கூட்டம் இல்லை என்றேன். அந்தப் பழைய மொழி எழும்பியபோது வீடுகளில் தாய்மார் பேசிய வேறு மொழிகள் ஒதுக்கப்பட்டன என்றேன். அந்த நாடு வந்தபோது வேறொரு சனம் வீடு வாசலை இழந்தது, அவர்களும் இன்றைக்குவரை அலைகிறார்கள் என்றேன். இதில் பார்த்தெழுத ஒரு வழிமுறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"பிள்ளையை அவங்கள் மாத்திப்போட்டாங்கள்" என்று தவம் அண்ணை சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. சேன்-லசார் நிலையத்தில் வீட்டுக்குப் போகிற ரெயில் பிடித்தோம். ஏறி இருந்த பிறகு, "என்ரை முகத்தில கரியைப் பூசிப்போட்டாய்" என்றீர்கள். அதுதான் நீங்கள் நேரே என்னிடம் சொன்ன கடைசி வசனம். அதற்குப் பிறகு, இண்டைக்கு என்ன படிச்சனீ என்கிற கேள்வி எங்கள் வீட்டில் இல்லை.

இந்தப் பனிக்காலத்தில், உணவகத்துக் குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் நூலகத்திலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அல்பேர் மட்டும் உங்கள் மேல்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அல்பேரை நீங்கள் அல்பேர் அண்ணை என்பீர்கள். அந்த உணவகத்தில் சமய விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிறவர். காலையில் அடுப்பைப் பற்ற வைப்பது ஒரு யூதராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் நெருப்பு அவருடையது, சமையல் உங்களுடையது. இத்தனை வருஷம் சமைச்சும் நான் ஒரு நாளும் அடுப்பு மூட்டேல்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். கோபிக்காமல் சிரிப்பீர்கள்.

தகனம் முடிந்து இரண்டாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு நிறையச் சனம். ஒருவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயர் பிடித்துத் தருகிறேன் என்றார், ஒருவர் நெஞ்சுநோவுக்கு முன்னமே வைத்தியம் பார்த்திருக்கலாம் என்றார், தவம் அண்ணை மண்டபம் பற்றிக் கதைத்தார். அல்பேர் உள்ளே வந்து, ஒருவருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல், எனக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"அந்த மனுசன் ஏன் ஒண்டும் கதைக்காமல் இருக்கு? எங்களோடை ஏதும் கோவமே?"

கோபம் இல்லை. துக்க வீட்டில், துக்கப்பட்டவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். அவர் என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அத்தனை பேருக்குள் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அனுப்பிய படிப்பில் எங்கள் வீட்டுக்கு உதவியது அந்த ஒன்றுதான் அப்பா.

நான் திரும்பப் போய் அவருக்கு முன்னால் இருந்தேன். "அப்பா என்னோடு கோபத்தோடேயே போய்விட்டார்" என்றேன். பிரெஞ்சில் சொன்னதால் சுற்றி இருந்த பெரியவர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அல்பேர் பேசினார். "உங்கள் யுத்தம் முடிந்த பிறகு அவர் என்னிடம் தினமும் கேட்பார். எப்படிச் செய்தீர்கள், எப்படி வென்றீர்கள் என்று. நான் சொன்னேன், என் தகப்பன் தூனிஸ் நகரில் கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர், நாங்கள் வென்றவர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் அக்கா அந்த யூதர் நாட்டில்தான் இருக்கிறாள். மகன் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. இதையெல்லாம் உன் அப்பா வேலை செய்துகொண்டே கேட்பார். எனக்கும் அப்படித்தான் படுகிறது என்பார். என் மகளும் அதைத்தான் சொல்கிறாள், அவள் சொல்வது சரி என்பார்."

"சரி என்றாரா?"

"பல முறை."

"அப்படியென்றால் ஏன் என்னோடு கதைக்கவில்லை?"

"நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேநீர்க்கடையில் சிலர் காத்திருப்பார்கள் என்றார். மகள் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறாள் என்று சொன்னால் அவர்கள் நிமிர்ந்து இருப்பார்களாம். அதை எப்படிப் பறிக்கிறது அல்பேர் என்று கேட்டார். நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்."

அல்பேர் வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு துவாயை வாயில் வைத்துக் கத்தினேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சொன்னது சரி என்று தெரிந்திருந்தது. அதை வெங்காயம் வெட்டுகிற பலகைக்கு முன்னால் நின்று அல்பேருக்குச் சொல்ல முடிந்த உங்களால், ரெயிலில் பக்கத்தில் இருந்த எனக்குச் சொல்ல முடியவில்லை. நான் துரோகி மாதிரி ஒரு வீட்டுக்குள் இத்தனை மாதம் நடமாடினேன். அந்த மனிதர்களுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் காசில் கொடுத்திருக்க வேண்டும் அப்பா. என்னை எடுத்துக் கொடுத்தீர்களே, அது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். அல்பேர் என்கிற ஒரு மனிதரை, அவருடைய அக்காவை, தூனிஸ் கடையை, எல்லாவற்றையும் நாள்தோறும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லாச்சப்பலுக்கு வந்து 'யூதர்' என்று ஒரு சொல்லில் சுருட்டி விற்றீர்கள். இப்போது உங்களையும் அப்படித்தான் சுருட்டுகிறார்கள். போன ஞாயிறு மண்டபத்தில் உங்கள் பெயருக்கு முன்னால் 'தமிழ்த்தொண்டர்' என்று ஒரு பட்டம் தொங்கியது. கீரையில் பூச்சி பார்க்கிற, அடுப்பு மூட்டாத என் அப்பாவை அந்தப் பதாகையில் எங்கேயும் காணவில்லை.

ஓம், மண்டபத்துக்குப் போனேன். தலைப்பை மாற்றச் சொல்லித் தவம் அண்ணையிடம் கேட்டேன், அடிச்சது அடிச்சதுதான் பிள்ளை, நீ நாலு நல்ல வார்த்தை சொல்லிப்போட்டு இறங்கு என்றார். ஒலிவாங்கிக்கு முன்னால் போய், இந்தத் தலைப்பில் என்னால் பேச முடியாது என்று தொடங்கினேன். தேநீர்க்கடையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். வழி என்று ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை, என் அப்பாவுக்கும் அது தெரியும், உங்கள் முகங்களைப் பார்த்துச் சொல்ல மனம் வராமல் இருந்துவிட்டார் என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். தேப்பன்ரை நினைவு நாளிலை கதைக்கிற கதையே இது என்று ஒரு குரல் கேட்டது. தவம் அண்ணை மேடைக்கு வந்து, சுருக்கி முடி பிள்ளை என்று காதுக்குள் சொன்னார். இதெல்லாவற்றுக்கும் நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். யாராவது துரோகி என்று சொல்ல வேண்டும், திருப்பிக் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது பரமு ஐயா எழும்பினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, சத்தம் போடாமல் கேட்டார்.

"அப்ப ஒரு வழியும் இல்லையே பிள்ளை?"

குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியும் என்று நம்பிக் கேட்டார். எனக்குப் பின்னால் நீங்கள் காது இரண்டும் தெரிய மாலையோடு முழித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்குத் தெரிஞ்ச அளவிலை இல்லை ஐயா" என்றேன்.

அவர் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். அந்த முகம் அப்பா. அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துதானே நீங்கள் என்னோடு கதைக்காமல் இருந்தீர்கள். பார்க்க வேண்டியது நீங்கள். பார்க்க வைத்தது என்னை. உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போதைக்கு மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

அந்த மதுப் பாடல்களை நான் படித்து முடிப்பேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று இனி ஒருவருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாச்சப்பலுக்கும் போவேன். பரமு ஐயாவின் மேசையில் இருப்பேன். அவர் திரும்பக் கேட்டால் திரும்பவும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டு எழும்பிப் போக மாட்டேன். அவருடைய தேத்தண்ணி முடியும்வரை பக்கத்தில் இருப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. இந்த முறை என் வாயால் நானே தருவது.

உங்களோடு கோபம் ஆறாத,
உங்கள் ஒரே மகள்,
துளசி